கதவு மூடாத கார்: பழைய கார்களைப் புதுப்பிப்பவர்கள் செய்யக்கூடாத தவறுகள்

போன மாதம் பழைய கார்கள் கூடும் ஒரு சந்திப்பில், ஒரு தம்பி கைப்பேசியை நீட்டி, "அண்ணே, நம்ம வண்டி வேலை எப்படிப் போகுதுன்னு பாருங்க" என்றார். படத்தில் கூரையில்லாத மோரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் கார் ஒன்று இருந்தது. இரண்டு கதவுகளையும் கழற்றிவிட்டார். கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சில் தகடுகளையும் இரண்டு பக்கமும் மொத்தமாக வெட்டி எடுத்திருந்தார். வண்டி முன்னால் இரண்டு ஸ்டாண்டு, பின்னால் இரண்டு ஸ்டாண்டு மேல் நின்றது. நடுவில் முட்டு எதுவும் இல்லை.

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பதினைந்து வருடத்துக்கு முன் என் பட்டறையில் நான் செய்ததும் இதையேதான்.

கழற்றும்போது போட்டோ எடுங்கள், நட்டு போல்ட்டைப் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல வருவது வேறு.

இரண்டு சில்லையும் சேர்த்து வெட்டுவது

ஃபோர்டு மாடல் டி போன்ற கார்களில் கீழே சேஸிஸ் என்ற இரும்புச் சட்டம் தனியாக இருக்கும், மேலே பாடி உட்கார்ந்திருக்கும். அதில் பாடித் தகட்டை வெட்டினாலும் சேஸிஸ் எடையைத் தாங்கிக்கொள்ளும். 1948-ல் வந்த மோரிஸ் மைனரில் அப்படி முழு நீளச் சேஸிஸ் கிடையாது. தரைத் தகடும் சில்லும்தான் வண்டியின் முதுகெலும்பு. மேலே கூரை இருந்தால் அதுவும் கொஞ்சம் சுமக்கும். திறந்த காரில் அதுவும் இல்லை, பாரம் முழுக்கச் சில்லின் தலையில்.

அது தெரியாமல்தான் ஒரே சனிக்கிழமையில் இரண்டு பக்கமும் கிரைண்டர் வைத்தேன். துரு அவ்வளவு மோசம், ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே போனது. வெட்டிய தகடு கீழே விழுந்தபோது ஒரு சின்ன 'டக்' சத்தம் கேட்டது. தகடு விழுந்த சத்தம் என்று நினைத்துக்கொண்டேன். வண்டி நடுவில் தொய்ந்தபோது எழுந்த சத்தம் அது.

புதுச் சில்லை வைத்து அழகாக வெல்டிங் செய்தேன். பட்டி பார்த்து, ப்ரைமர் அடித்து, மேலே பச்சை பெயின்டும் அடித்தாயிற்று. நாலு மாதம் கழித்து வலது கதவை மாட்டினால், மேல் மூலை தூணில் இடிக்கிறது. கீழே என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. கீலைத் தளர்த்தினேன், வாஷர் வைத்தேன், ஒரு கட்டத்தில் கதவின் ஓரத்தை அரம் போட்டுத் தேய்க்கக்கூடப் பார்த்தேன். கதவில் எந்தக் குறையும் இல்லை. நடு தொய்ந்ததால் கீல் தூணும் பூட்டுத் தூணும் மேல் பக்கம் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்துவிட்டன. அந்தச் சாய்ந்த நிலையிலேயே புதுச் சில்லை வைத்து நானே அதை நிரந்தரமாக்கிவிட்டேன்.

திரும்ப எல்லாவற்றையும் அறுக்க வேண்டியதாயிற்று. புதுத் தகடு வெட்டுப்பட்டது, வெல்டிங் சூட்டில் பச்சை பெயின்ட் கொப்புளித்துக் கருகியது. நடுவில் ஜாக்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, கதவை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டி... எட்டு மாதம் போனது. இன்றைக்கும் அந்தப் பச்சை டப்பாவைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. ஒரு டேப்பும் நாலு துண்டுக் குழாயும் இருந்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

செய்ய வேண்டிய முறை இது. எதையும் வெட்டும் முன், கதவு மாட்டிய நிலையில், சக்கரம் தரையில் நிற்கும்போது, கதவைச் சுற்றியுள்ள இடைவெளியை மேலே, நடுவே, கீழே அளந்து எழுதுங்கள். கதவு வாசலின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். அப்புறம் 25 மில்லிமீட்டர் சதுர இரும்புக் குழாயை எடுத்து, கீல் தூணிலிருந்து பூட்டுத் தூணுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, கோணலாக ஒன்று என்று வெல்டிங் செய்யுங்கள். இடது வலது தூண்களுக்கு நடுவே குறுக்கேயும் ஒன்று போடுங்கள். முட்டு கொடுப்பதை சஸ்பென்ஷன் பாரம் இறங்கும் இடத்தில் கொடுங்கள், வண்டியின் இரண்டு நுனியில் அல்ல.

ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டுத்தான் அடுத்த பக்கத்தைத் தொட வேண்டும். புதுச் சில்லை முதலில் அங்கங்கே பொட்டு வைத்தாற்போல் பற்றவையுங்கள். குறுக்கே வைத்த குழாய்கள் கதவுக்கு இடைஞ்சல் தராதபடி உள்பக்கமாக இருந்தால், கதவை அப்படியே மாட்டி மூடிப் பார்க்கலாம். எழுதிவைத்த அளவு வந்தால் மட்டும் முழு வெல்டிங். எஞ்சினை இறக்கிவிட்டு அளந்தால் ஒரு அளவு, ஏற்றிவிட்டு அளந்தால் வேறு அளவு வரலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

அந்தத் தம்பி முகம் வாடிப்போய்விட்டார். இன்னும் புதுத் தகடு வைக்கவில்லை என்பதால் தப்பித்தார். நடுவில் ஜாக்கி வைத்து, கதவு சரியாக மூடும்வரை தூக்கி, உடனே குழாய் போடச் சொல்லி அனுப்பினேன்.

பெயின்டுக்கு அவசரப்படுவது

பளபளப்பைப் பார்க்கும் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் பானட், டிக்கி, கதவு, பம்பர், விளக்கு, ரப்பர் பீடிங் எல்லாவற்றையும் ஒரு தடவை மாட்டிப் பார்த்த பிறகுதான் பெயின்ட். குறிப்பாகப் பீடிங். புது ரப்பர் பழையதைவிடத் தடிமனாக இருக்கும், நேற்றுவரை மூடிய கதவு இன்றைக்கு மூடாது. ஓட்டை போடுவதும் தட்டுவதும் வெறும் தகட்டிலேயே முடிந்துவிட வேண்டும்.

துருவின் மேல் பட்டி

வேண்டாம்.

பானட்டுக்கு மணல் அடிப்பது

சேஸிஸ், ஆக்ஸில் போன்ற தடித்த பாகங்களுக்கு மணல் அடிக்கலாம். பானட், கதவு போன்ற அகலமான மெல்லிய தகட்டில் வேகமாக அடித்தால், மணல் பட்ட பக்கம் விரிந்து தகடு அலை அலையாகிவிடும். அதை நேராக்குவது பெரும்பாடு. இவற்றுக்குப் பெயின்ட் ரிமூவரும் பொறுமையும் போதும்.

நன்றாக இருப்பதைப் புதுப்பிப்பது

இருக்கை தோல் கொஞ்சம் வெடித்திருக்கிறது, பெயின்ட் மங்கியிருக்கிறது என்பதற்காக ஒரு காரை முழுதாக உரிப்பவர்களைக் கண்டால் மனசு கேட்பதில்லை. அந்தப் பெயின்ட் தொழிற்சாலையில் அடித்தது. நீங்கள் உரித்துவிட்டால் உலகத்தில் யாராலும் அதைத் திரும்பக் கொடுக்க முடியாது. அமெரிக்காவின் பெபிள் பீச் கார் போட்டி 1950 முதல் நடக்கிறது. மினுக்கிய கார்களுக்கே பேர்போன அந்தப் போட்டியில், 2024-ல் முதல் பரிசு வாங்கியது 1934-ம் வருடத்து புகாட்டி டைப் 59. புதுப்பிக்காமல், வயதோடு பாதுகாத்து வைத்திருந்த கார் அது. அப்படிப் பாதுகாத்து வைத்த கார் அங்கே முதல் பரிசு வாங்கியது அதுவே முதல் தடவை. உரிப்பதற்கு முன் ஒரு வாரம் மென்மையாகக் கழுவி, மெழுகு போட்டுப் பாருங்கள். பல கார்களுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

ஸ்பேனர் பொருந்தினால் மரையும் பொருந்தும் என்று நம்புவது

எம்.ஜி. டி.சி. என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினைப் பிரித்தவர்களுக்குத் தெரியும். போல்ட்டின் தலைக்கு விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அங்குல அளவு ஸ்பேனர்தான் சேரும், ஆனால் மரை மெட்ரிக். எம்.ஜி.யின் தாய் நிறுவனமான மோரிஸுக்கு எஞ்சின் செய்து கொடுத்தது ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் தொழிற்சாலை, அங்கிருந்து வந்த வழக்கம் இது. தலையைப் பார்த்து வேறு போல்ட்டைத் திணித்தால் பிளாக்கின் மரை போய்விடும். முதல் மூன்று சுற்றுக் கையாலேயே போக வேண்டும். போகவில்லையென்றால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுங்கள்.

பாட்டரியைப் பழக்கதோஷத்தில் மாட்டுவது

1960கள் வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் எர்த் பாசிட்டிவ் பக்கம். இன்றைய கார் பழக்கத்தில் நெகட்டிவை பாடியில் மாட்டாதீர்கள். முதலில் கார் எந்த வகை என்று பாருங்கள். முந்தின உரிமையாளர் மாற்றியிருக்கவும் கூடும்.

பிரேக் ஆயிலைக் கலப்பது

டாட் 5 சிலிக்கோன். டாட் 3, 4, 5.1 கிளைக்கால். இரண்டையும் ஒரே சிஸ்டத்தில் ஊற்றாதீர்கள்.

முதல் ஓட்டமே சந்திப்புக்கு

இரவோடு இரவாக வேலையை முடித்துக் காலையில் நேராகச் சந்திப்புக்குக் கிளம்புபவர் ஒருவராவது எல்லா முறையும் இருக்கிறார். வழியில் பானட்டைத் திறந்துகொண்டு நிற்பவரும் அவர்தான். 1905-க்கு முன் செய்த வண்டிகள் வருடாவருடம் லண்டனிலிருந்து பிரைட்டன் வரை சுமார் 60 மைல் ஓடுகின்றன. அதற்குப் பின்னால் எத்தனை சோதனை ஓட்டம் இருக்கும் என்று யோசியுங்கள். முதலில் ஐந்து கிலோமீட்டர், அப்புறம் இருபது, அப்புறம் நூறு. ஒவ்வொன்றுக்கும் பிறகு போல்ட்டுகளை இறுக்கிப் பாருங்கள், வண்டிக்குக் கீழே அட்டை விரித்து எது ஒழுகுகிறது என்று பாருங்கள்.

ஊர்வலமாக ஊர்ந்து போவது இந்தக் கார்களுக்கு வேகமாக ஓடுவதைவிடக் கஷ்டம். ஃபேன் எஞ்சின் பெல்ட்டில் சுற்றுகிறது. எஞ்சின் மெதுவாக ஓடினால் காற்றும் குறைவு. ரேடியேட்டரில் பழைய சேறு இருந்தால் அன்றைக்குத் தெரிந்துவிடும். பெட்ரோல் குழாய் எஞ்சினை ஒட்டிப் போனால் உள்ளேயே ஆவியாகி வண்டி நின்றுவிடும். முன் காருக்கு இடம் விட்டு, நின்று நின்று போங்கள்.

டயரில் பட்டன் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். டயர் எப்போது செய்தது என்று காட்டும், பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தைப் படியுங்கள். 2311 என்றால் 2011-ம் வருடத்தின் 23-வது வாரம்.

பிறர் காரில் சாய்வது

கேட்காமல் தொடாதீர்கள். இடுப்பு பெல்ட்டின் பக்கிள் ஒரு உரசலில் ஒரு வருட வேலையைக் கீறிவிடும். ஆனால் உங்கள் காரை ஒரு குழந்தை ஆசையாகப் பார்த்தால், கதவைத் திறந்து உட்கார வையுங்கள். ஹாரனையும் அடித்துப் பார்க்கட்டும்.