கை தொங்கும் ஜவுளிக்கடைப் பொம்மைக்குப் புது எலும்பு

ஆளுயரப் பொம்மைகளில் கை காலை மடக்கி நிறுத்தும் ஸ்பாஞ்ச் பொம்மைக்குத்தான் ஆயுசு குறைவு. அதன் எலும்பு வெறும் கம்பி. முழங்கையை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடக்கினால் கம்பி இறுகிப்போய், ஒருநாள் பட்டென்று முறியும்.

விரலால் அழுத்திக்கொண்டே போனால் முறிந்த முனை தட்டுப்படும். (கவனம், குத்தும்!) கையின் உட்புறமாக, சட்டை மறைக்கும் இடத்தில், பிளேடால் நீளவாக்கில் கீறுங்கள். குறுக்கே கீறினால் மடக்கும்போதெல்லாம் வாய் பிளக்கும்.

வெல்டிங் பக்கம் போகவே வேண்டாம். ஸ்பாஞ்ச் கருகி நச்சுப் புகைதான் மிஞ்சும். மூட்டில் எம்-சீல் வைப்பதும் வீண். அந்த இடம் மடங்காது, அதையொட்டி அடுத்த முறிவு வரும். மூட்டு போயிருந்தால் பழைய கம்பியை உருவிவிட்டு, அதே நீளத்துக்கு அலுமினியக் கம்பியை இரண்டு மூன்று இழையாக முறுக்கிப் போடுங்கள். ஒற்றைத் தடிக்கம்பியைவிட இது நாள் தாங்கும். முனைகளைக் கொக்கியாக வளைத்துத் துணி டேப் சுற்றினால் வெளியே குத்திக்கொண்டு வராது. மடங்காத நேர்ப்பகுதியில் முறிவு என்றால் வேலை சுலபம்: இரு முனைகளையும் ஒரு சின்ன உலோகக் குழாய்க்குள் செருகி, குறடால் நசுக்கிவிடலாம்.

கீறலை மூட, செருப்புக்கு ஒட்டும் ரப்பர் பசையை இரு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத பதத்துக்குக் காய்ந்தபின் சேர்த்து அழுத்துங்கள். தோல் சிலிக்கானாக இருந்தால் மட்டும் இந்தப் பசை பிடிக்காது; அதற்குச் சிலிக்கான் பசையேதான் வேண்டும்.