பூட் ஆகும்போது ஓடுற மெசேஜை பிடிச்சு படிக்கிறது எப்படி

லினக்ஸ் மெஷினை ஆன் பண்ணதும் ஸ்கிரீன்ல கடகடன்னு எழுத்து ஓடுதே, அதை மொபைல்ல வீடியோ எடுத்து நிறுத்தி நிறுத்தி படிக்கிறவங்க இருக்காங்க, பெரும்பாலும் அது தேவையே இல்ல. கெர்னல், அதாவது சிஸ்டத்தோட மையப் புரோகிராம், சொல்ற வரியெல்லாம் மெமரில ரிங் பஃபர்னு ஒரு இடத்துல போய் விழுது, மெஷின் முழுசா எழுந்த பிறகு நிதானமா எடுத்து பாக்கலாம். ஆனா அந்த பஃபருக்கு சைஸ் ஒரே அளவுதான், நிரம்பிட்டா பழைய வரி மேலயே புதுசு எழுதிடும், பல நாளா ஓடிட்டு இருக்கற மெஷின்ல தேடினா ஆரம்ப வரிங்க காணாம போயிருக்கும். அதனால பூட் ஆன கையோட எடுத்துடுங்க.

எடுக்கறது சுலபம். டெர்மினல்ல சூடோ (அட்மின் அனுமதியோட ஓட்டற கமாண்ட்) போட்டு டிமெஸ்ஜி (அந்த பஃபரை காட்டற கமாண்ட்) அடிச்சு லெஸ்ஸுக்கு (பக்கம் பக்கமா படிக்க விடற புரோகிராம்) பைப் பண்ணுங்க, இல்ல ஒரு ஃபைலுக்கு திருப்பி விட்டு வச்சுக்கங்க. சூடோ இல்லாம பெர்மிஷன் கிடைக்கலன்னா எதுவும் கெட்டுப்போகல, பல டிஸ்ட்ரோல (லினக்ஸ் வகைகள்ல) சாதா யூசருக்கு அதை பூட்டித்தான் வச்சிருக்காங்க. லினக்ஸ் மாதிரியே இருக்கற வேற சிஸ்டங்களான ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி ஆளுங்களுக்கு இந்த கவலையும் கம்மி, வார் உள்ள ரன் ஃபோல்டர்ல டிமெஸ்ஜி டாட் பூட்னு ஒரு ஃபைல்ல பூட் மெசேஜ் காப்பி தானாவே இருக்கும்.

சிஸ்டம்டி (பூட் ஆகும்போது சர்வீஸ்களை ஆரம்பிச்சு வைக்கற புரோகிராம்) இருக்கற லினக்ஸ்னா, அதோட லாக்கான ஜர்னலை படிக்கற ஜர்னல்சிடிஎல்தான் என் சாய்ஸ், ஏன்னா கெர்னல் சொன்னது மட்டும் இல்லாம சர்வீஸ் எல்லாம் சொன்னதும் ஒரே இடத்துல வரும். மைனஸ் பி (பூட்டோட முதல் எழுத்து) போட்டா இந்த பூட், அதுக்கு பின்னாடி மைனஸ் 1 சேத்தா போன பூட், மைனஸ் பி பக்கத்துல எர்னு கொடுத்தா எரர் மட்டும்னு எதிர்பாக்காதீங்க, அதுக்கு இருக்கறது வேற எழுத்து, பிரையாரிட்டியோட முதல் எழுத்து, ரெண்டு கோடு போட்டு பிரையாரிட்டின்னு முழுசா எழுதி பக்கத்துல எர்னு கொடுத்துட்டா குழப்பமே வராது. போன பூட் வரணும்னா ஜர்னல் டிஸ்க்ல சேமிக்கணும், இதை மெஷின் நல்லா இருக்கும்போதே பண்ணி வைங்க தயவுசெஞ்சு. வார் லாக் உள்ள ஜர்னல்னு ஃபோல்டர் இல்லன்னா மெமரிலதான் எழுதிட்டு இருக்கு, ரீபூட் பண்ணதும் மொத்தமும் போயிடும். அந்த ஃபோல்டரை ரூட்டா உருவாக்கிட்டு ஒரு தடவை ரீபூட் பண்ணா போதும்.

படிக்கும்போது சிவப்பு வரியை மட்டும் தேடாதீங்க. டிமெஸ்ஜில இடது பக்கம் சதுர அடைப்புக்குள்ள ஒரு நம்பர் இருக்கும், கெர்னல் ஆரம்பிச்சதுல இருந்து எத்தனை செகண்டுன்னு அர்த்தம், அது எங்க திடீர்னு தாவுதுன்னு பாருங்க. எனக்கு ஒரு தடவை பூட் ஆக ஒன்றரை நிமிஷத்துக்கு மேல ஆச்சு, எடுத்து பாத்தா 4 செகண்டு சொச்சத்துல ஒரு வரி, அடுத்தது 94ல, நடுவுல 90 செகண்டு ஒண்ணுமே இல்ல. சிஸ்டம்டி ஒரு டிவைஸுக்காக வழக்கமா காத்திருக்கற நேரமும் அதே 90 செகண்டுதான், உடனே பொறி தட்டுச்சு. ஜர்னல்ல அதே இடத்துல டைம்ட் அவுட்னு ஒரு யூயூஐடி (பார்ட்டிஷனோட அடையாள எண்), நான் அழிச்ச பழைய ஸ்வாப் பார்ட்டிஷனோடது, பூட்ல எந்தெந்த பார்ட்டிஷனை மாட்டணும்னு சொல்ற எஃப்எஸ்டேப் ஃபைல்ல அந்த வரி அப்படியே கிடந்துச்சு. சிஸ்டம் அதை கண்டுக்காம விட, வரிக்கு முன்னாடி ஒரு ஹேஷ் குறி போட்டேன், அடுத்த பூட்ல காத்திருப்பு இல்ல.

லோகோ மட்டும் சுத்திட்டே நின்னுட்டா, கிரப் மெனுல (ஆன் பண்ணதும் எந்த சிஸ்டம்னு கேக்கற மெனு) ஈ அமுக்கி லினக்ஸ்னு ஆரம்பிக்கற வரில மெசேஜை மறைக்கற குவயட், ஸ்பிளாஷ் ரெண்டு வார்த்தையையும் எடுத்துட்டு எஃப்10 அமுக்குங்க, அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் எல்லா மெசேஜும் ஸ்கிரீன்ல வரும். டிஸ்க் மவுன்ட் ஆகறதுக்கு முன்னாடியே தொங்குற மெஷின்ல ஜர்னல் எழுத இடமே கிடையாது, அங்க மட்டும் மொபைல் ஃபோட்டோ சரி, சீரியல் போர்ட் இருந்தா இன்னும் நல்லது, கேபிளை இன்னொரு மெஷின்ல மாட்டி கன்சோலை அங்க திருப்பிட்டா கடைசியா வந்த வரி வரைக்கும் அந்தப் பக்கம் ஃபைலா சேமிச்சுக்கலாம்.