டேப்பும் ஸ்பேஸும் கலந்த கோளாறை நான் சரிசெய்த விதம்

சிங்கப்பூரின் ஜூரோங் ஈஸ்ட்டிலிருந்து எம்ஆர்டி ரயிலில் வீடு திரும்பும்போது ஒரு பைத்தான் நிரலைத் திருத்தினேன். ஓட்டினால் 'டேப்எரர்' என்று பிழைச் செய்தி. திரையில் வரிகள் நேராகத்தான் நின்றன. மறைந்திருக்கும் இடைவெளிக் குறிகளைக் காட்டச் சொன்னதும் தெரிந்தது: ஒரே ஃபங்ஷனுக்குள் சில வரிகளின் தொடக்கத்தில் டேப், சிலவற்றில் ஸ்பேஸ். எந்த வரி எந்த அடுக்குக்குள் அடங்கும் என்பதை வரித் தொடக்கத்து இடைவெளியை வைத்தே பைத்தான் அறிகிறது. அதனால் பைத்தான் 3 இந்தக் கலப்பை ஏற்காது.

பைத்தானின் நடை வழிகாட்டியான பெப் 8 சொல்கிறபடி எல்லாவற்றையும் அடுக்குக்கு 4 ஸ்பேஸாக மாற்றினேன். 2 போதும் என்றார் உடன் வேலை பார்க்கும் அக்கா. எனக்கு 2 வைத்தால் ஓர் அடுக்கு எங்கே முடிகிறது என்று கண்ணில் படுவதில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் நிரலில் அடுக்குக்கு 8 எழுத்து அகல டேப். மூன்று அடுக்குக்கு மேல் தேவைப்பட்டால் நிரலையே திருத்து என்பது அதை எழுதுகிறவர்களின் வாதம். மிகச் சரியான வாதம். என் ஃபங்ஷனில் ஐந்து அடுக்கு இருந்தது, இரண்டாகப் பிரித்தேன்.

அப்புறம், குழுவில் எல்லோருக்கும் ஒரே அளவு வர எடிட்டர்களுக்கு இடைவெளி அளவைச் சொல்லும் எடிட்டர்கான்ஃபிக் கோப்பு ஒன்றையும் சேர்த்துவிட்டேன்.