ராத்திரி 9.30-க்குப் போன் ஹாலுக்கு

எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளையிடமிருந்து போனைப் பிடுங்கினால் சண்டைதான் மிச்சம். முதலில் ராத்திரியை மட்டும் பாருங்கள். ஹாலில் ஒரு சார்ஜர் போட்டு வையுங்கள். 9.30 ஆனால் வீட்டிலுள்ள எல்லாப் போனும் அங்கே போக வேண்டும், அப்பாவுடையதும்தான். (முதலில் முரண்டு பிடிப்பவரும் அவராகத்தான் இருப்பார்!) "அலாரம் வைக்கணுமே" என்று சாக்கு வரும். சாதாரண அலாரம் கடிகாரம் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் 'டிஜிட்டல் வெல்பீயிங்', ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்' இருக்கும். எந்த ஆப்பில் எவ்வளவு நேரம் போனது என்று அதுவே காட்டும். பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். உங்கள் கணக்கையும் மறைக்காமல் காட்டுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் போதும் என்று அவர்களையே சொல்லவிட்டு, அந்த ஆப்புக்கு டைமர் வையுங்கள். நாம் விதித்ததை மீறுவது சுலபம்; தானே சொன்னதை மீறக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

யூடியூபில் ஆட்டோபிளேயை (ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவதை) அணைத்துவிடுங்கள். 13 வயது ஆகாதவர்கள் இன்ஸ்டாகிராமில் கணக்கு தொடங்க அந்த நிறுவனத்தின் விதியே இடம் தருவதில்லை.

வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வருகிறதா? சாயங்காலமே நோட்டில் எழுதிக்கொண்டு போனை வைத்துவிடச் சொல்லுங்கள்.