சுவருக்குச் சாயம் அடிக்குமுன்: குடியிருப்புக் கலைத் திட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில் ஒரு குடியிருப்பாளர் சங்கமோ இளைஞர் மன்றமோ கலைத் திட்டம் என்று கூடிப் பேச உட்கார்ந்தால், முதலில் முடிவாவது திறப்பு விழாத் தேதிதான். ஒய்பி, அதாவது தொகுதியின் மக்கள் பிரதிநிதி, எந்தச் சனிக்கிழமை வருவார் என்று கேட்டுக்கொண்டு, அதற்கு முந்தைய சில வாரங்களுக்குள் சுவர், ஓவியர், பிள்ளைகள், சாப்பாடு எல்லாவற்றையும் திணித்துவிடுவார்கள். தேதி குறித்தாகிவிட்டால் அப்புறம் "இந்தச் சுவர் சரிப்படாது" என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. கீழே சொல்பவற்றில் பாதி இந்த அவசரத்தால் வருபவை.

முதலில் சுவர். 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஜார்ஜ் டவுன் பகுதியில் உள்ள பழைய கடைவீடுகள் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பியவை. தரையிலிருந்து ஓதம் ஏறும். சுண்ணாம்பு அந்த ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டுவிடும். அதன்மேல் அக்ரிலிக் சாயத்தை இரண்டு பூச்சு ஏற்றினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். கொஞ்ச நாளில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும், சாயம் கொப்புளமாக எழும்பும், பிறகு காரையையும் இழுத்துக்கொண்டு உதிரும். இதைப் பார்த்துப் பதறி அடிப்பகுதிக்குச் சிமெண்ட் பூசுகிறவர்கள் உண்டு. அது இன்னும் மோசம். கீழே அடைபட்ட ஈரம் சிமெண்டைத் தாண்டி மேலே போய், ஓவியத்தின் நடுவிலேயே பூக்கும்.

சாயம் வாங்குமுன் சுவரின் அடியில் குனிந்து பாருங்கள். முழங்கால் உயரம் வரை உப்புத் தூள் ஒட்டியிருந்தாலோ, விரலால் தட்டும்போது பொள்ளலாகச் சத்தம் வந்தாலோ, அந்தச் சுவரை விட்டுவிடுங்கள். பலகையில் வரைந்து மாட்டலாம். பின்சந்தில் இருக்கும் புதிய சிமெண்ட் சுவருக்குப் போகலாம். பழைய சுவர்தான் வேண்டுமென்றால் ஈரத்தை வெளியே விடக்கூடிய சுண்ணாம்புச் சாயமோ சிலிக்கேட் சாயமோ கேளுங்கள். விலை கூடுதல்தான். மேற்குப் பார்த்த சுவர் என்றால் இன்னொரு கவனம் வேண்டும்: பளிச்சென்ற மஞ்சள், இளஞ்சிவப்பு, ஊதாவில் பல வெயிலுக்குச் சீக்கிரம் வெளுத்துவிடும், காவி வகைகள் தாக்குப்பிடிக்கும்.

இங்கே எல்லாருடைய மனத்திலும் இருக்கும் மாதிரி ஒன்றுதான். 2012-ஆம் ஆண்டு ஜார்ஜ் டவுன் விழாவுக்காக லித்துவேனியக் கலைஞர் எர்னஸ்ட் சாக்கரேவிச் ஆர்மேனியன் ஸ்திரீட்டில் வரைந்த, நிஜ சைக்கிள் பொருத்திய பிள்ளைகள் ஓவியம். அத்தனை புகழ்பெற்ற அந்த ஓவியமே வெயில், மழை, தொட்டுத் தொட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் கைகள் எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்க முடியாமல் மங்கியது. அதைப் பார்த்து ஊர் ஊராகச் சுவரில் சைக்கிளும் ஊஞ்சலும் ஒட்ட ஆரம்பித்துவிட்டார்கள். உங்கள் குடியிருப்பில் யாரும் சைக்கிளே ஓட்டவில்லை என்றால் எதற்கு அது?

அனுமதி விஷயத்தில் நடக்கும் தவறு எளிமையானது: கேட்டால் மறுக்காத ஆளிடம் போய்க் கேட்பது. கடைக்காரர் தலையாட்டினார் என்பார்கள். அவர் வாடகைக்கு இருப்பவராக இருப்பார், கட்டட உரிமையாளர் ஈப்போவில் இருப்பார். அடுக்குமாடியில் கீழ்வீட்டு அங்கிள் சரி என்றது போதாது. அங்கே வெளிச்சுவர் எல்லாருக்கும் பொதுச் சொத்து. 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்படி அதைப் பராமரிக்கும் பொறுப்பு நிர்வாகக் குழுவுக்கு உரியது. ஆகவே கடிதம் அங்கே போகவேண்டும். பாரம்பரியப் பகுதிக்குள் என்றால் மாநகர் கழகத்திடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

இனி, யாருக்காக என்ற கேள்வி. ஜார்ஜ் டவுனின் இந்தியர் கடைத்தெருப் பகுதியான லிட்டில் இந்தியாவில் ஒரு திட்டம் என்றால் "இங்குள்ள மக்களுக்காக" என்று எழுதிவிடுவார்கள். அங்கே இப்போது குடியிருப்பவர் யார்? வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997-இல் ரத்தாகி, 2000-இல் அந்தப் பாதுகாப்பு முழுவதுமாக விலகியதும் உள்நகரிலிருந்து நிறையக் குடும்பங்கள் வெளியேறிவிட்டன. பகலில் மார்க்கெட் ஸ்திரீட்டிலும் குயின் ஸ்திரீட்டிலும் நிற்பவர்களில் பலர் சாயங்காலம் வீடு திரும்புவது வேறு எங்கோ இருக்கும் ஃபிளாட்டுக்கு. மேல்மாடியில் தங்கியிருப்பவர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த தம்பியாக இருக்கலாம். அவரை எந்தக் கூட்டத்துக்கும் யாரும் கூப்பிடுவதில்லை. பூக்கட்டுபவரைச் சுவரில் பெரிதாக வரைவார்கள். அந்தச் சுவரடியில் தண்ணீர் வாளி வைத்துப் பூ நனைத்துக்கொண்டிருந்தவரை, படம் எடுக்க இடைஞ்சல் என்று தள்ளி உட்காரச் சொல்வார்கள். இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கோபம் வந்தது.

நாள் குறிப்பதிலும் இதே கதை. பூக்கடைக்காரருக்கு வியாழன் மாலையும் வெள்ளிக் காலையும் மூச்சுவிட நேரமிருக்காது. தைப்பூசத்துக்கு முதல் நாள் முருகனின் வெள்ளி ரதம் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக் கோயிலுக்குப் புறப்படும்; அந்த வாரம் அந்தத் தெருவில் பட்டறை வைக்க நினைப்பவரை என்ன சொல்வது? சனிக்கிழமை காலை பிள்ளைகளுக்கு டியூஷன், ஞாயிறு தேவார வகுப்பு. வெள்ளிக்கிழமையும் புரட்டாசியிலும் சைவச் சாப்பாடு தனியாக வேண்டும், மலாய்க் குடும்பங்கள் வந்தால் ஹலால் கடைச் சாப்பாடு வேண்டும். இதெல்லாம் அக்கம்பக்கத்து அக்கா ஒருவரிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பட்டறைகளில் நேரக் கணக்குதான் பெரிய ஓட்டை. பாத்தேக், அதாவது மெழுகுக் கோடு போட்டுத் துணிக்கு வண்ணம் ஏற்றும் பட்டறை இரண்டு மணி நேரம், முடிந்ததும் துணியை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று விளம்பரம் வரும். சாந்திங் என்ற மெழுகுப் பேனாவால் கோடு போட்டு, வண்ணம் தீட்டி, அது காய்ந்ததும் சோடியம் சிலிக்கேட் பூசிப் பல மணி நேரம் ஊறவிடவேண்டும். ஓர் இரவு விடுவது நல்லது. அப்புறம் அலசவேண்டும், கொதிநீரில் போட்டு மெழுகை எடுக்கவேண்டும். ஊறாமல் எடுத்துப் போன துணி முதல் அலசலிலேயே வெளுத்துவிடும். மெழுகுச் சூட்டையும் யாராவது கூடவே இருந்து பார்க்கவேண்டும். சூடு குறைந்தால் மெழுகு துணியின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். துணியைத் திருப்பிப் பாருங்கள்: பின்பக்கமும் கோடு தெரியவில்லை என்றால் வண்ணம் அதைத் தாண்டி ஓடப்போகிறது. பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஒரே அடுப்பு, ஒரே ஆசிரியர் என்றால் இதைக் கவனிக்க ஆளில்லை, சுட்டுக்கொள்ளும் அபாயமும் உண்டு. பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், இரண்டாம் நாள் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள்.

எனக்கு எல்லாவற்றிலும் பொறுக்க முடியாதது இன்னொன்று. ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளத் தூணில் பிள்ளைகளை வரையவிட்டார்கள். ஒரு சிறுமி ஐந்து காலோடு ஒரு பூனை வரைந்தாள். ஐந்தாவது கால் ஓடும்போது தேவைப்படும் என்று விளக்கமும் சொன்னாள். மறுநாள் விருந்தினர் வருகிறார்கள் என்று ஓவியர் இரவோடு இரவாக எல்லாவற்றையும் 'ஒழுங்கு' செய்துவிட்டார். பூனைக்கு நான்கு கால். அவள் தன் பூனையைத் தேடித் தூணை இரண்டு சுற்று சுற்றிவிட்டு, இது என்னுடையது இல்லை என்று அம்மாவிடம் சொன்னாள். அழகான சுவர்தான் வேண்டும் என்றால் ஓவியருக்கு முழுக்கூலி கொடுத்து அவரையே வரையச் சொல்லுங்கள், அதில் தப்பே இல்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டால் அவர்கள் கோடு கோணலாகத்தான் இருக்கும். அதில் யாரும் கைவைக்கமாட்டார்கள் என்று ஓவியரிடம் முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்.

கூலி என்றதும் நினைவு வருகிறது: சாயம், டீ-சட்டை, பதாகை எல்லாவற்றுக்கும் பணம் இருக்கும், கலைஞருக்கு மட்டும் "நம்ம பிள்ளைதானே, கொஞ்சம் உதவி செய்ப்பா." இப்படிக் கேட்பதை நிறுத்தலாம்.

விழா முடிந்த மறுநாளுக்கும் பட்ஜெட்டில் ஒரு வரி வேண்டும். யாராவது விளம்பரம் ஒட்டினால் உரிப்பவர் யார், மழைக்காலம் முடிந்ததும் பார்த்துத் திருத்துபவர் யார் என்று பெயர் போட்டு எழுதுங்கள். மீந்த சாயத்தைக் காற்றுப் போகாமல் மூடி, ஒவ்வொரு டின்னின் வண்ண எண்ணையும் ஒரு தாளில் குறித்து நிர்வாக அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த வருடம் திருத்தும் நீலம் வேறு நீலமாகத் தெரியும். எத்தனை வருடம் கழித்துச் சுவரைத் திரும்ப வெள்ளையடிக்கலாம் என்பதையும் அந்த அனுமதிக் கடிதத்திலேயே சேர்த்துவிடுங்கள்.