இயங்குதளம் நிறுவியும் மடிக்கணினி எழவில்லையா? அவசரத்தில் செய்யக்கூடாதவை

புதிய இயங்குதளத்தை நிறுவிய பின் மடிக்கணினி எழாமல் போனால், உடனே மறுபடியும் நிறுவிப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. பெரிய தவறும் அதுவே. தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்குத் துணிப்பையில் கணினியைச் சுமந்து வந்த ஓர் ஆச்சி, “தம்பி, நாலு தடவை போட்டாச்சு, நாலு தடவையும் கருப்பாத்தான் நிக்குது” என்றார். கணினியில் பழுது எதுவும் இல்லை. நிறுவுவதற்காக பயோஸில் (கணினியை முதலில் எழுப்பும் அடிப்படை மென்பொருளின் அமைப்புத் திரை) பழைய தொடக்க முறையான லெகசிக்கு மாற்றியவர்கள், முடிந்ததும் பழையபடியே இருக்கட்டும் என்று ஒவ்வொரு தடவையும் புதிய தொடக்க முறையான யூஇஎஃப்ஐக்குத் திருப்பியிருக்கிறார்கள். முகப்புக் கதவின் சாவி மாறியதற்காக இரண்டாங்கட்டு வரை இடித்துக் கட்டியதைப் போன்ற வேலை இது. வீட்டுச் சாந்திக் கல்யாணப் படங்கள் முதல் தடவையிலேயே அழிந்துவிட்டிருந்தன.

இந்த இரண்டு முறைகளும் வட்டை வெவ்வேறு விதமாகப் படிக்கின்றன. லெகசி, வட்டின் முதல் 512 பைட்டுகளில் உள்ள குறிப்பைப் பார்த்து அடுத்த அடி எடுத்து வைக்கும். யூஇஎஃப்ஐயோ, ஃபேட்32 வடிவில் உள்ள ஒரு சிறிய பகுதிக்குள், இயங்குதளத்தை எழுப்பும் பூட்லோடர் கோப்பைத் தேடும். ஆகவே எந்த முறையில் நிறுவினோமோ அந்த முறையிலேயே கணினி தொடங்க வேண்டும். எதில் நிறுவியிருக்கிறோம் என்பது நினைவில்லாவிட்டாலும் கவலையில்லை. விண்டோஸ் நிறுவும் பென் டிரைவிலிருந்து தொடங்கி, முதல் திரையில் ஷிஃப்ட், எஃப்10 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் (சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையும் வேண்டும்) கட்டளைத் திரை திறக்கும். அதில் டிஸ்க்பார்ட் கருவியைத் திறந்து வட்டுகளைப் பட்டியலிடச் சொன்னால், ஜிபிடி (வட்டைப் பிரிக்கும் புதிய முறை) என்ற கடைசிப் பத்தியில் நட்சத்திரக் குறி இருக்கிறதா என்று பார்க்கலாம். குறி இருந்தால் யூஇஎஃப்ஐ, இல்லாவிட்டால் பெரும்பாலும் லெகசி. அதற்கேற்ப பயோஸை மாற்றினாலே பல கணினிகள் எழுந்துவிடும்.

வட்டின் பகுதிகளைக் கையால் பிரிக்கும்போது, ‘இந்த 100 எம்பி எதற்கு, வீணாகக் கிடக்கிறதே’ என்று சிறிய பகுதியை அழிப்பது அடுத்த தவறு. பூட்லோடர் குடியிருப்பது அங்கேதான். விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸை நிறுவுபவர்கள் அதை ஃபார்மட் செய்தால், விண்டோஸின் பூட்லோடரும் சேர்ந்தே போய்விடும். ஃபார்மட் செய்யாமல், இருக்கும் பகுதியையே பயன்படுத்தும்படி நிறுவியிடம் சொல்ல வேண்டும்.

நிறுவி முடித்த பிறகும் பென் டிரைவைச் செருகியபடியே விட்டுவிட்டு, மறுபடி மறுபடி நிறுவும் திரையே வருகிறது என்று குழம்புபவர்களும் உண்டு. உருவினால் போதும்.

இன்டெல்லின் 11ஆம் தலைமுறைச் செயலி முதல் பல மடிக்கணினிகளில் வட்டைச் செயலி வழியாக நிர்வகிக்கும் விஎம்டி என்ற அமைப்பு இயங்குவதால், விண்டோஸ் நிறுவிக்கு வட்டே தெரியாமல் போகலாம். உரிய டிரைவரை ஏற்றி நிறுவுவது ஒரு வழி, பயோஸில் விஎம்டியை நிறுத்திவிட்டு நிறுவுவது இன்னொரு வழி. எந்த வழியில் போனாலும், நிறுவிய பிறகு அந்த அமைப்பை மாற்றக் கூடாது. மாற்றினால், தொடக்க வட்டை அணுக முடியவில்லை என்று நீலத்திரை தோன்றும். அப்போது இயங்குதளத்தைக் குறை சொல்லாமல், அமைப்பை முன்பிருந்தபடி திருப்பினால் சரியாகிவிடும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தபின், லினக்ஸ் கேட்டு வருபவர்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். லினக்ஸ் என்றாலே, நம்பகமான கையொப்பம் இல்லாத பூட்லோடரைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டும் என்பது பழைய நினைப்பு. உபுண்டு, ஃபெடோரா இரண்டும் அது இயங்கும்போதே எழும். தேவையில்லாமல் அணைத்தால், பக்கத்தில் இருக்கும் விண்டோஸ், பிட்லாக்கர் என்ற வட்டுக் குறியாக்கத்தால் பூட்டப்பட்டிருக்கும் பட்சத்தில், 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். கானாடுகாத்தானிலிருந்து வந்த ஒரு கணினியில் இதுதான் நடந்தது. அந்த எண் இருந்ததோ, கணினியை வாங்கிக் கொடுத்துத் தம் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிந்து வைத்துவிட்டுச் சிங்கப்பூர் போய்விட்ட மகனிடம். அவர் வேலை முடிந்து அழைப்பதற்குள், செக்யூர் பூட்டை மறுபடி இயக்கிப் பார்த்தோம். எண் கேட்காமலே விண்டோஸ் எழுந்தது. ஆனாலும் அவர் அழைத்தபோது அந்த 48 இலக்கங்களையும் வாங்கி, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன்.