வளைந்த ரெசின் பெட்டியை நிமிர்த்திய விதம்

குன்னூரில் மலை ரயிலைப் பார்த்தே வளர்ந்த நான், ஆசையோடு வாங்கிய, நாமே ஒட்டிச் சேர்க்க வேண்டிய 1:87 அளவு (அசலில் 87-இல் ஒரு பங்கு) ரெசின் (அச்சில் வார்த்த செயற்கைப் பிசின்) மாடல் ரயில் சரக்குப் பெட்டியின் பக்கச் சுவர் வளைந்திருந்ததைக் கண்டு மனம் சோர்ந்தேன். பிளாஸ்டிக் மாடல்களுக்கான பசையோ, பிளாஸ்டிக்கைக் கரைத்தே இணைப்பதால், ரெசினில் பிடிக்கவே இல்லை. பிறகு, அச்சிலிருந்து ஒட்டிவந்த பிசுக்கைப் பாத்திரம் கழுவும் சோப்பால் போக்கி, கை பொறுக்காத வெந்நீரில் சுவரைச் சற்று நேரம் அமிழ்த்தி, இளகியதும் கண்ணாடித் தகட்டின்மேல் கிடத்திக் கனமான புத்தகத்தால் அழுத்தி, முழுதும் ஆறும்வரை தொடாமல் விட்டேன். விளிம்புப் பிசிறுகளை நீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்த்தேன். ரெசின் தூள் நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால்தான், அது பறக்காதிருக்க நீரில் நனைத்தேன். மூலையைச் சூப்பர் குளூவால் ஒட்டியபோது, மாலைப் பனிமூட்டத்தின் ஈரத்தில் அவ்விடம் வெள்ளையாகப் பூத்துவிட்டது. அதனால் மற்ற மூன்று மூலைகளையும் வெயில் ஏறிய முற்பகலில், ஊசி முனையால் துளித்துளியாகப் பசை வைத்து, மூலைமட்டம் பார்த்து ஒட்டினேன்.